பூஜ்யத்துக்கு வராத முள்

விற்பனைக்கென்று போட்டிருந்த மூன்று படங்களிலும் அந்தப் பெட்டியின் மின்கம்பி சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி, பெட்டியின் தலைமேலேயே வைக்கப்பட்டிருந்தது. பிளக்கின் மூன்று கால்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் முகப்பில் இருந்த மீட்டரின் முள் பூஜ்யத்தில் இல்லை. முதல் படத்தில் அது பாதி வழியில் நின்றது. இரண்டாவதில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மூன்றாவதில் கொஞ்சம் தணிந்து, ஒருவர் பேச்சின் நடுவே மூச்சு வாங்கும்போது முள் எந்த இடத்துக்கு இறங்குமோ அந்த இடத்தில் நின்றது.

கரண்ட் இல்லாத மீட்டரில் முள் எழுந்து நிற்காது. அவள் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவரில் எதுவும் சொருகப்படவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து வேறு கம்பி எதுவும் போகவில்லை. மேசைமேல் தூசி படிந்திருந்தது, தூசியில் பெட்டியை இழுத்து வைத்த தடம் மட்டும் இருந்தது. விலையோ அடிமாட்டு விலை. அமெச்சூர் வானொலிக்கான ஆம்ப்ளிஃபயர், நல்ல நிலையில் உள்ளது, உடனே எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் என்று கீழே எழுதியிருந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து அதையே திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பவள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். உண்மையில் கேட்டது எது, கேட்ட மாதிரி இருந்தது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதனால் ஒரு படத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. போனை அப்படியே கருவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் ஒரு தையல்காரர். உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் கனமான கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்து, ஒலி எதையும் அனுப்பாமல், அவர் வயதைப் பதிந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

சத்தம் வந்தால் மட்டும் தூக்கினால் போதும் என்று அவள் மைக்கில் சொன்னாள்.

"வருதேம்மா," என்றார் அவர். "நீங்க சொன்ன பீப் சத்தம் இல்ல. ரொம்ப தூரத்துல ஒரு ஆள் பேசுறாப்ல இருக்கு. என்ன பேசுறார்னுதான் பிடிபடல."

அவள் ஹெட்போன் இணைப்பையே பிடுங்கினாள். கை தூக்கியபடிதான் இருந்தது. பக்கத்தில் கிடந்த போனின் திரை, தொடாமல் விட்டதால், தானாக அணைந்தது. தையல்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். காதிரைச்சல் உள்ளவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தான் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று மாலை வரை போனைப் பைக்குள் வைத்து, பையையும் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள்.

அவளுக்கு ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்றால், ஒரு மனிதரின் வாயை அடைப்பதற்கு.

லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, ஊர்விட்டு ஊர் பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. உலகமே கையடக்கப் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இவர்கள் மட்டும் மொட்டை மாடியில் கம்பி கட்டி, கேட்குதா, கேட்குதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவளும் அவள் கணவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்கள். தினமும் சாயங்காலம் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு வட்டம் என்று பெயர், பல் டாக்டர் ஒருவர் அதை நடத்துவார். வட்டத்தில் அவளைக் காதுக்காரி என்பார்கள். அந்தப் பெயரை வைத்ததே அவள் கணவர்தான்.

வட்டத்தில் கண்டிப்பான பழக்கம் ஒன்று இருந்தது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே பாய்ந்துவிடக் கூடாது. ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்க வேண்டும். மைக்கின் பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருப்பவருக்கு மற்றவர் பேசுவது கேட்காது. எங்கோ ஒருவர் ஆபத்தில் இருந்து கூப்பிட்டால் அந்தச் சின்ன இடைவெளியில்தான் கேட்கும். நீட்டி முழக்குபவர்களும் நடுநடுவே பட்டனை விட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும்.

இந்தப் பழக்கம் ஆகாத ஒரே ஆள் டவர்காரர். டயர் வியாபாரி. கடை மாடியில் உயரமான இரும்புக் கோபுரம், அறையில் அலையின் பலத்தைக் கூட்டும் பெரிய ஆம்ப்ளிஃபயர். பேச ஆரம்பித்தால் விடவே மாட்டார், அவர் குரலுக்கு அடியில் யார் குரல் மாட்டினாலும் நசுங்கிப் போகும். எல்லோரும் முணுமுணுப்பார்கள். யாரும் நேரில் தட்டிக் கேட்டதில்லை. வருடக் கூட்டத்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுப்பவர் அவர்.

அவள் கணவரின் வேலை பாலங்களைச் சோதிப்பது. சின்னச் சுத்தியலால் பாலத்தின் கால்களைத் தட்டித் தட்டி, உள்ளே பொள்ளல் விழுந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். வேலை முடிந்து மலைரோட்டில் இறங்கி வந்த ஒரு சாயங்காலம் வண்டி பள்ளத்தில் உருண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. போன் நொறுங்கிவிட்டது. வண்டியில் இருந்த சின்ன வானொலி மட்டும் உயிரோடிருந்தது.

அவள் வீட்டில் வட்டத்தைக் கேட்டபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டவர்காரர் புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அந்தப் பெருங்குரலுக்கு அடியில், பாய்க்கு அடியில் ஊரும் எறும்பு போல, இன்னொரு குரல். அவசரம், வழி விடுங்க. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அவளுக்குக் கேட்டது. அடுத்து அவர் இருக்கும் இடத்தைச் சொன்னார். மலைரோடு என்பது வரை கேட்டது, அதற்குமேல் டவர்காரர் சிரித்தார். அவள் தன் சின்ன வானொலியில் கத்தினாள், கத்தினாள். ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. பல் டாக்டர் போனை எடுக்கவில்லை. மீட்பு ஆட்கள் மலைரோட்டில் எந்த வளைவு என்று கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. மறுநாள் மதியம்தான் கண்டுபிடித்தார்கள். ராத்திரி வெகுநேரம் உயிரோடு இருந்திருக்கிறார் என்று சொன்னார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த டவர்காரர், தன் பக்கம் எதுவுமே கேட்கவில்லை, ரொம்பச் சுத்தமாக இருந்தது என்றார். எல்லோரும் விதி என்றார்கள். அந்த வாரமே அவர் திரும்ப வட்டத்துக்கு வந்து பேசினார், இடைவெளி விடாமல்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு ஆசை அடுப்புத் தணல் மாதிரி கனன்றுகொண்டே இருந்தது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், அவரைவிடப் பெரிய சத்தத்தோடு, தானும் பட்டனை அழுத்த வேண்டும். தினமும். ஆயுசுக்கும். ஒரு வார்த்தை வெளியே போகாமல் அவர் தொண்டை கிழிய வேண்டும். சட்டப்படி அது தப்பு. அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அவள் தம்பி இன்வெர்ட்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தான். படங்களைக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கினான். இந்த விலைக்கு வருகிற பெட்டியில் உள்ளே பாதிச் சாமான் இருக்காது, இருந்தால் போலியாக இருக்கும், ஆன் பண்ணியதும் தெருவில் உள்ள டிவியெல்லாம் அலறும் என்றான். முள் ஏன் எழுந்து நிற்கிறது என்று கேட்டாள். மாட்டிக்கொண்டிருக்கும் என்றான்.

"மூணு படத்துலயும் மூணு இடத்துலயா மாட்டும்?"

அவன் படங்களை வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, திரும்ப ஒன்று. அப்படித் தள்ளும்போது முள் ஆடியது. யாரோ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல ஆடியது. தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஆனாலும் அக்கா கேட்டால் மறுக்கிறவன் இல்லை. தன் பெயரில் செய்தி அனுப்பினான். மறுநிமிடமே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். எப்போது வரலாம், இன்றைக்கே கொண்டுவரட்டுமா, விலை முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்பட்டது ஒரு கரகரத்த குரல். அவள் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். குரல் இளைத்திருந்தது, அடியில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. ஆனால் எந்தக் காதுக்கு மறந்தாலும் அவள் காதுக்கு மறக்காது. கொஞ்ச நாளாக டவர்காரர் வட்டத்துக்கு வருவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் கடைக்கு வரச் சொல் என்று தம்பிக்குச் சைகை காட்டினாள்.

அன்று வீட்டில் அவள் படுக்கையில் புரண்டுகொண்டே கணக்குப் போட்டாள். அவருடைய பெட்டி. அவள் கணவரின் கடைசிப் பேச்சை அமுக்கிய அதே பெட்டி. அதைக் கொண்டே அவரை அமுக்கலாம். நினைக்க நினைக்க இனித்தது. ஆனால் ஒன்று மட்டும் கணக்கில் உதைத்தது. நல்ல விலைக்குப் போகும் சாமானை, பணக்கார மனிதர், ஏன் இப்படித் தலைமுழுகப் பார்க்கிறார்?

மறுநாள் மதியம் அவர் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டியைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல அல்ல, செத்த நாயைத் தூக்குவதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பருத்த மனிதர் பாதியாகியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. அவளைப் பார்த்ததும் கால் தடுமாறியது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, தம்பி நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கடையில் ஆண்டெனா கிடையாது. அலை வெளியே போகாமல் இருக்க, ஆண்டெனா மாட்டும் இடத்தில் தம்பி ஒரு குண்டு பல்பை மாட்டினான். பேசினால் பல்ப் எரியும், பேச்சு நின்றால் அணையும், சோதிக்க அது போதும். அவள் கொண்டுவந்திருந்த கை வானொலியைப் பக்கத்தில் வைத்து வட்டத்தின் அலைவரிசையில் திருப்பினாள். மதிய நேரம், அங்கே யாரும் இல்லை. மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டும். தம்பி பிளக்கைச் சொருகினான்.

யாரும் மைக்கைத் தொடவில்லை. மைக்கே இணைக்கவில்லை.

பல்ப் எரிந்தது. மங்கி, மறுபடி எரிந்தது. கடைக்குள் ஈயப்பற்று வாடையோடு பச்சை இலை நசுங்கிய வாடை ஒன்று கலந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. முள் எழுந்து, தாழ்ந்து, எழுந்தது. கை வானொலியின் இரைச்சல் ஒதுங்கி வழிவிட்டது.

"...டயர் கடை தாண்டியாச்சு. பச்சை இரும்பு கேட். மாடிப்படி ஏறிட்டேன். அறைக் கதவு. அறைக் கதவு..."

அவள் கணவரின் குரல். கோபம் இல்லை, வலி இல்லை. தினமும் வேலை முடிந்து வண்டியில் வரும்போது, எந்த இடம் வந்துவிட்டது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வருவாரே, அதே நிதானம். தம்பி பிளக்கைப் பிடுங்கினான். பல்ப் அணைய வேண்டியது. அணையவில்லை. அறைக் கதவு என்று இன்னும் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அணைந்தது.

"மாமா குரல்," என்று தம்பி சொன்னான்.

டவர்காரர் தரையைப் பார்த்தபடி பேசினார். முதலில் மலைரோட்டு வளைவு என்றுதான் கேட்டதாம். அப்புறம் மலையடிவாரம். அப்புறம் ஊர் எல்லை. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில். பெட்டியை அணைத்தும் பார்த்தார், கம்பியை வெட்டியும் பார்த்தார். ராத்திரியில் யாரோ சுத்தியலால் கோபுரத்தின் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்களாம், தட்டிவிட்டுக் காது வைத்துக் கேட்டார்களாம். நேற்று அறைக் கதவு வரை வந்துவிட்டது.

"அன்னைக்கு உங்களுக்கு எதுவும் கேக்கலன்னு சொன்னீங்க," என்றாள் அவள்.

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை பட்டன விட்டேம்மா. மூச்சு வாங்க. யாரோ மெல்லிசா வழி விடுங்கன்னான். நான் பேசும்போது எவன்டா குறுக்க வரான்னு... காத்திருக்கட்டும்னு திரும்ப அழுத்திட்டேன்." அவர் அழுதார். "காசு வேணாம்மா. சும்மா எடுத்துக்கங்க. அவர் உங்க ஆளு. உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாரு."

கேட்டிருக்கிறது. கேட்டும் அழுத்தியிருக்கிறார். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வாங்கினால் அந்தக் குரல் தினமும் அவளுக்குச் சொந்தம், எத்தனை இரவு அதற்காக ஏங்கியிருக்கிறாள். வாங்காவிட்டால் பெட்டி திரும்ப இவரோடு போகும். குரல் அறைக் கதவைத் தாண்டி அடுத்த இடம் வரை போகும். தம்பி அவள் முழங்கையைப் பிடித்து, வேண்டாம் அக்கா, இதைத் தொடவே தொடாதே என்றான். அவன் பயந்து சொன்னான். அவள் எடுத்த முடிவும் அதுதான், ஆனால் பயந்து எடுக்கவில்லை.

"எனக்கு வேணாம்," என்றாள். குரல் இவ்வளவு இதமாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. "வீட்டுக்கும் கொண்டு போகாதீங்க. மலைரோட்டுக்குப் போங்க. அவர் விழுந்த வளைவுல, அதே பள்ளத்துல தூக்கிப் போட்டுடுங்க. அங்க இருந்து வந்தது அங்கயே போயிடும்."

மூழ்குகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கையெடுத்துக் கும்பிடப் போனவரைத் தடுத்து, அவள் பெட்டியைத் தானே தூக்கிப் போய் வண்டியின் முன்சீட்டில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் வைத்தாள். உருளாமல் இருக்க சீட் பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினாள். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. மார்பில் கை வைத்ததுபோல உள்ளே ஏதோ துடித்தது. அதை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் அவள் வீட்டில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். பல் டாக்டர் வழக்கம்போல வட்டத்தைத் தொடங்கி, ஒவ்வொருவராக நலம் விசாரித்து, இடைவெளி விட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கூப்பிட்டபோது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். மைக்கைக் கீழே வைக்கவில்லை. பழைய வானொலியின் மீட்டர் விளக்கு அவள் விரல்களில் மஞ்சளாக விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பே டவர்காரர் அந்த வளைவுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

டாக்டர் விட்ட ஓர் இடைவெளியில் டவர்காரரின் குரல் வந்தது. பெருங்குரலே இல்லை. வண்டியில் இருக்கும் சின்ன வானொலியிலிருந்து, நூல் மாதிரி.

"அவசரம். வழி விடுங்க."

எல்லோரும் வழிவிட்டார்கள். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பெட்டியத் தூக்கிப் போட்டுட்டேன். பள்ளத்துல போட்டுட்டேன். ஆனா பெல்ட்டு மாட்டியே இருக்கு. பெல்ட்டுக்குள்ள..."

ஒரு சத்தம். இரும்பை இழுத்ததுபோல. மரக்கிளைகள் ஒவ்வொன்றாக முறிவதுபோல. பிறகு திறந்தபடி கிடக்கும் மைக்கின் சத்தம். அதில் ஒருவர் மூச்சுவிடத் திணறுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

எங்கே இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். திரும்பக் கேட்டார்.

"வட்டத்துல எல்லாரும் பேசாம இருங்க. அவர் இன்னைக்கு எந்தப் பக்கம் போனார்னு யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க."

இடைவெளி.

அவளுக்குத் தெரியும். எந்த ரோடு, எந்த வளைவு, எந்தப் பள்ளம். மூன்று வார்த்தை. கட்டைவிரல் பட்டன்மேல்தான் இருந்தது. அவள் அழுத்தவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், வேறு பெயர் வைக்க முடியாது. திணறல் மெலிந்துகொண்டே போவதை, மெலியும் ஒலிகளை அளப்பதே தொழிலான அந்தக் காதால், கடைசித் துளிவரை கேட்டாள். நின்றது. டாக்டர் யாராவது சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்தக் கெஞ்சலின்மேல், அதை அமுக்கிக்கொண்டு, பெரிதாக, சுத்தமாக, இரைச்சலே இல்லாமல், அவள் கணவரின் குரல்:

"முடிஞ்சுது. மலைரோட்டுல இருந்து இறங்கிட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"அடிவாரம் தாண்டிட்டேன். ஊர் எல்லை."

மலையிலிருந்து ஊர் எல்லைக்கு வண்டியில் வரவே நெடுநேரம் ஆகும். இது ஒரு மூச்சில் வந்தது. அறையில் பச்சை இலை வாடை. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"காதுக்காரி."

நிதானமான குரல். வீட்டுக்கு வருகிறவரின் குரல்.

"டாக்டர் கேட்டாரே. உனக்குத் தெரியும்ல? கேட்டுட்டுச் சும்மா இருந்துட்ட."

இல்லை, உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஆஸ்பத்திரி."

வானொலியை அணைத்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"நம்ம தெரு."

அணைந்த வானொலியிலிருந்து. கம்பியைப் பிடுங்கினாள்.

"வாசல் கேட். செருப்பக் கழட்டுறேன்."

வாசலில் ஒரு சத்தமும் இல்லை. நாய் குரைக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஹாலில், இருட்டில், ஈரமான ஏதோ ஒன்று தரையில் பட்டு எழுந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கேட்கக் கூடாது. அடுத்த இடம் எது என்று மட்டும் கேட்டுவிடவே கூடாது.

கையில் இருந்த மைக்கின் பட்டனை அழுத்தினாள்.

குரல் நின்றது. அழுத்தியிருக்கும் வரை கேட்காது. எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் என்று கேட்காது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மைக்கைப் பிடித்து, நகம் வெளுக்க அழுத்தினாள். விரல் சோர்ந்தது. மரத்தது. கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. விட்டுவிடுவேன், இன்னும் ஒரு நொடியில் விட்டுவிடுவேன்.

அப்போது அவள் கட்டைவிரல்மேல், சில்லென்று, மண் ஒட்டிய இன்னொரு கட்டைவிரல் வந்து படிந்தது. அவள் விட்டுவிடாமல் இருக்க, அதுவும் சேர்ந்து அழுத்திக்கொண்டது.